பேய்க்கதை யாரைப் பயமுறுத்துகிறது?

(வாசிப்பு வட்டத்தின் மாதக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



விடியக்காலையில பஸ் பிடிக்க வேண்டியவங்க பாதிப் பேர் இங்க இருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வர்றேன்.

"திகில் கதைகளால் வாசகரை உண்மையிலேயே பயமுறுத்த முடியுமா?" இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. அறிவிச்ச அன்னிக்கே குழுவில் ரெண்டு கட்சி உருவாயிடுச்சு. ஒரு கட்சி, சுயமரியாதை மரபில் வளர்ந்த தோழர்கள். பேயே கிடையாது, இல்லாத ஒன்றை எழுதி மக்களை மூடநம்பிக்கையில் வைக்கிற இலக்கியத்துக்கு நாம எதுக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவழிக்கணும் என்பது அவங்க கேள்வி. இன்னொரு கட்சி, படம் பார்க்கிற தம்பிகள். "அண்ணே, பேய்ப்படம் பார்த்தா சிரிப்புதான் வருது. வேளை கெட்ட வேளையில ஊர்லேர்ந்து போன் வந்தாத்தான் பயமா இருக்கு" என்று ஒரு தம்பி எழுதினார். எல்லாரும் சிரிச்சோம். ஆனா இந்தத் தலைப்புக்கான விடையில் பாதி அந்தத் தம்பியோட பேச்சுலேயே இருக்கு. மீதிப் பாதியைத் தேடித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

முதலில், இந்தக் கேள்வியைத் தத்துவக்காரர்கள் எப்படிக் கேட்டாங்கன்னு பார்க்கலாம். 1975இல் காலின் ராட்ஃபோர்ட் என்கிற பிரிட்டிஷ் தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அன்னா கரீனினா என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று நமக்கு நல்லாத் தெரியும். அப்புறம் ஏன் அவளுக்காக அழறோம்? இதுதான் அவர் கேள்வி. மூணு வருஷம் கழிச்சு, 1978இல், கெண்டல் வால்டன் என்கிற அமெரிக்கர் இதே கேள்வியைப் பயத்துக்குக் கொண்டுவந்தார். சார்லஸ் என்று ஒருத்தன் படம் பார்க்கிறான். திரையில் ஒரு பச்சை நிறக் கூழ் நகர்ந்து நகர்ந்து அவனை நோக்கியே வருது. சார்லஸுக்கு நெஞ்சு படபடக்குது, கை நாற்காலியை இறுக்கிப் பிடிக்குது. ஆனா அவன் எழுந்து ஓடலை, போலீஸைக் கூப்பிடலை. உண்மையில் பயந்திருந்தா ஓடியிருப்பான் இல்லையா? அதனால அது அசல் பயம் இல்லை, பயம் மாதிரி ஒன்று, விளையாட்டுப் பயம் என்று வால்டன் முடிக்கிறார்.

கேட்கும்போது சரியாத்தான் இருக்கு. நம்ம தம்பி சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனா இந்த வாதத்துக்குள்ள ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கார், கவனிச்சீங்களா? ஓட முடிகிற ஆள். பயம் வந்தா ஓடுவான், ஓடலைன்னா பயம் இல்லை என்கிற கணக்கு, கதவு திறந்திருக்கிறவனுக்குத்தான் பொருந்தும். இந்த வளைகுடாவில் பயந்தவங்க எத்தனை பேர் ஓடியிருக்காங்க? பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருக்கு. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வெச்சுக்கிறது இங்க சட்டவிரோதம்தான், ஆனா நடைமுறை என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ஊரில் வட்டி ஓடுது. ஓடிப் போனா ஆளைக் காணோம் என்று புகார் எழுதிடுவாங்க. அப்புறம் நீங்க சட்டத்தின் கண்ணில் தலைமறைவு ஆள். அதனால பயந்தவன் என்ன செய்யறான்? சார்லஸ் மாதிரியே உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்திருக்கான். நெஞ்சு படபடக்குது, கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிக்குது, காலையில எழுந்து வேலைக்குப் போறான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவன் பயந்தவனாவே தெரியமாட்டான்.

ஆக, ஓடினானா இல்லையா என்பதை வெச்சுப் பயத்தை அளக்க முடியாது. வேற அளவுகோல் வேணும்.

அந்த அளவுகோலுக்கு நான் நம்ம வீட்டுக்கே போறேன். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி இருக்கு. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் எப்படித் தெரியுது என்பதைப் பேசுகிற பகுதி. எட்டு மெய்ப்பாடு, அதில் ஒன்று அச்சம். அச்சம் எதனால் பிறக்கும் என்றும் அங்கே நாலு காரணம் கொடுத்திருக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்றால் தெய்வம், பேய், மோகினி வகையறா. விலங்கு புரியும். கள்வர் புரியும். நாலாவது இறை. இங்கே அது கடவுள் இல்லை. அரசன், தலைக்கு மேலே இருக்கிறவர், தண்டிக்கிற அதிகாரம் உள்ளவர்.

எனக்கு இந்தப் பட்டியல் ரொம்பப் பிடிக்கும். பேயையும் அரசனையும் ஒரே வரிசையில் உட்கார வெச்சிருக்காங்க, பாருங்க. நாம படிக்கிற திகில் கதைகள் பெரும்பாலும் முதல் ரெண்டோட நின்னுடும்: பேய், இல்லைன்னா மிருகம். துப்பறியும் கதைக்காரர்கள் மூணாவது வரைக்கும் வருவாங்க. நாலாவதைத் தொடறதுக்குத்தான் ஆள் குறைவு. அந்தத் தம்பிக்குப் பேய்ப்படம் சிரிப்பா இருக்குன்னா, அவரோட பயம் முழுக்க நாலாவது அறையில் பூட்டியிருக்குன்னு அர்த்தம். அணங்கு வந்து என்ன செஞ்சுடப் போகுது அவரை?

கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. 2012இல் வந்தது. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு பையன், பேய் பங்களாவில் மாட்டிக்கிட்டதா முதலாளிக்குக் கதை சொல்றான். நாமும் முதலாளியோடு சேர்ந்து நடுங்கறோம். கடைசியில்தான் தெரியுது, முதலாளியோட வைரங்கள் கையில் சிக்கினதால அவனும் அவன் காதலியும் சேர்ந்து கட்டின கதை அது. இதில் யார் யாருக்குப் பயப்படறாங்கன்னு பாருங்க. தொழிலாளி முதலாளிக்குப் பயப்படறான்; முதலாளி பேய்க்குப் பயப்படறார். அந்த இடைவெளியில்தான் பையன் புகுந்து வெளியே வர்றான். பேய்ப் பயம் கொஞ்சம் வசதியுள்ளவனோட பயம் என்பதைக் கொள்கை எதுவும் பேசாமலேயே அந்தப் படம் சொல்லிட்டுப் போகுது. (இது முடிவு இல்லை, கடைசியில இன்னொரு திருப்பம் இருக்கு. பார்க்காதவங்க பார்த்துக்குங்க.)

இப்ப, "அப்ப பேய்க்கதையைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று முதல் கட்சித் தோழர்கள் கேட்பாங்க. அவசரப்படாதீங்க. எந்தப் பேய், யார் சொன்ன பேய் என்று கேட்டாத்தான் விஷயம் புரியும்.

ஜோம்பியை எடுத்துக்குவோம். இன்னிக்கு நாம பார்க்கிற ஜோம்பி ஆளைக் கடிக்கும், கூட்டமாத் துரத்தும். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்துக்குப் பிறகு வந்த உருவம் அது. அதுக்கு முந்தின ஜோம்பி ஹைட்டியைச் சேர்ந்தது. ஹைட்டி, பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் சாகடிச்ச நாடு. 1804இல் அந்த அடிமைகளே போராடி விடுதலை வாங்கினாங்க. அங்கே ஜோம்பி யாரையும் கடிக்கிறதில்லை. அது செத்த பிறகும் எழுப்பப்பட்டு வயலில் வேலை வாங்கப்படுகிற உடம்பு. சாவு ஒன்றுதான் விடுதலை என்று நினைச்சிருந்தவனுக்கு, செத்தாலும் ஷிப்ட் முடியாது என்று சொன்னா எப்படி இருக்கும்? அங்கத்து மக்கள் ஜோம்பி தங்களைக் கடிச்சிடுமோன்னு பயப்படலை, தாங்களே ஜோம்பியா ஆக்கப்படுவோமோன்னுதான் பயந்தாங்க. 1929இல் சீப்ரூக் என்கிற அமெரிக்கர் ஹைட்டி பற்றி எழுதின புத்தகத்தில், ஒரு அமெரிக்கச் சர்க்கரை நிறுவனத்துக்காக ஜோம்பிகள் கரும்பு வயலில் வேலை செஞ்ச கதை வருது. நாட்டை அப்ப அமெரிக்கப் படை பிடிச்சு வெச்சிருந்தது. அதாவது எஜமான் மாறினதும் பேயும் புது எஜமானுக்கு வேலை செய்யப் போயிடுச்சு.

அதே கதை ஹாலிவுட்டுக்கு வந்ததும், பார்க்கிறவர் மாறினார். பார்க்கிறவர் மாறினதும் பயம் திசை மாறிடுச்சு. 'நான் அப்படி ஆயிடுவேனோ' என்கிற உழைப்பாளியின் பயம், 'அந்தக் கூட்டம் நம்மள நோக்கி வந்துடுமோ' என்கிற வீட்டுக்காரரின் பயமா ஆயிடுச்சு. மார்க்ஸ் 1867இல் மூலதனத்தை ரத்தம் உறிஞ்சும் பேயோடு ஒப்பிட்டு எழுதினதை நாம வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்றோம். அதை அழகான உவமை என்று மட்டும் எடுத்துக்காதீங்க. உழைக்கிறவனோட பயத்தைச் சொல்ல அவர் கையில் கிடைச்ச மொழி அதுதான்.

இந்த மண்ணுக்கு வருவோம். ராஸ் அல் கைமாவில் ஜசீரத் அல் ஹம்ரா என்று ஒரு பழைய கடலோரக் கிராமம். முத்துக் குளிச்சு வாழ்ந்த ஊர். 1960களின் கடைசியில் மக்கள் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. பவளக்கல் வீடுகள் இடிஞ்சு நிக்குது. ஜின் உலாவுகிற இடம் என்று பேர். பசங்க ராத்திரியில் டார்ச் எடுத்துட்டுப் போய் வீடியோ எடுக்கிறாங்க. அந்த ஊரை வெச்சு, ஹாலிவுட் திகில் பட இயக்குநர் டோப் ஹூப்பர் 'ஜின்' என்று ஒரு படமே எடுத்தார். 2013இல் அபுதாபி திரைப்பட விழாவில் காட்டினாங்க. ஜின் பற்றி எல்லாரும் பேசறாங்க. முத்துக் குளிச்சவங்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை. வளைகுடாவின் முத்துத் தொழில் முழுக்கக் கடன்மேல் நின்ற தொழில். படகுத் தலைவர், நகூதா, பருவம் தொடங்கும் முன்னாடி முன்பணம் கொடுப்பார். குளிக்கிறவன் வாழ்நாள் பூரா அதைக் கழிச்சுக்கிட்டே இருப்பான். அப்பன் செத்தா கடன் மகன் தலைக்கு வரும். எனக்கென்னவோ அந்தச் சுவருக்குள்ள ஜின்னைவிடப் பெரிய விஷயம் ஒன்று உலாவிக்கிட்டு இருந்திருக்கு. அதை நமக்கு நல்லாத் தெரியும்; ஊர்ல ஏஜெண்டுகிட்ட கையெழுத்துப் போட்டப்ப நேர்ல பார்த்திருக்கோம்.

இன்னொரு பேயும் இங்க உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்சது. அரபு வீடுகளில் பாட்டிமார் சொல்ற கதை: 'ஹிமாரத் அல் காயிலா', அதாவது மத்தியானக் கழுதை. பாதி பொம்பளை, பாதி கழுதை. உச்சி வெயிலில் வெளியே சுத்துகிற பிள்ளைகளைப் பிடிச்சுட்டுப் போயிடும். நம்ம ஊர்லயும் "உச்சிப்பொழுதுல புளிய மரத்தடிக்குப் போகாதே, அடிச்சிடும்" என்று சொல்வாங்க இல்ல? அதே கதைதான். வெயில் உயிரை எடுக்கும் என்று தெரிஞ்ச சமூகங்கள், பிள்ளையை வீட்டுக்குள்ள வைக்க வெயிலுக்கு ஒரு முகம் கொடுத்திருக்காங்க. நம்ம சுயமரியாதைத் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அந்தப் பேய் ஒரு மருத்துவ அறிவை முதுகுல சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கு.

ஆனா மத்தியானக் கழுதை வீட்டுப் பிள்ளைகளை மட்டும்தான் காப்பாத்தும். கட்டடத்து மேல கம்பி கட்டுறவனை யார் உள்ளே கூப்பிடறது? ஐக்கிய அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். கத்தாரில் 2021இலிருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை. நல்ல சட்டங்கள்தான். இன்னும் நீளணும், இன்னும் கறாரா அமலாகணும். நான் சொல்ல வர்றது வேற. வெயிலுக்கு முகம் கொடுத்த கதை இருந்த ஊரில், தொழிலாளி வெயிலில் செத்தா அந்தச் சாவுக்கு முகமே இல்லாமப் போயிடுது.

2021 பிப்ரவரியில் 'கார்டியன்' பத்திரிகை ஒரு கணக்கு வெளியிட்டது. உலகக் கோப்பை கத்தாருக்கு என்று 2010இல் முடிவான பிறகு, இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டுக்காரர் 6,500 பேருக்கு மேல் அங்கே இறந்திருக்காங்க. எல்லாரும் மைதானம் கட்டினவங்க இல்லை. எல்லாத் தொழிலும் சேர்ந்த எண்ணிக்கை. அதில் இந்தியர்கள் 2,711 பேர். அந்த இந்தியச் சாவுகளில் 80 விழுக்காட்டுக்குக் காரணம் 'இயற்கை' என்று பதிவாகியிருந்தது. இதயம் நின்றது, மூச்சு நின்றது, அவ்வளவுதான். பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை கிடையாது. வேலைக்கு வரும்போது மருத்துவச் சோதனையில் தேறி வந்த வாலிபன், ராத்திரி தூங்கப் போனவன் எழுந்திருக்கலை, காரணம் இயற்கை. எந்தப் பேய்க்கதை எழுத்தாளருக்கு இப்படி ஒரு வரி எழுத வரும்?

சாவுக்குப் பிறகும் கதை முடியறதில்லை. உடம்பு சரக்கு விமானப் பிரிவில்தான் ஊருக்குப் போகும். 2019 ஜனவரி வரைக்கும் ஏர் இந்தியா வளைகுடாவிலிருந்து உடலைக் கொண்டுபோக எடை போட்டுக் காசு வாங்கியது. கிலோவுக்கு இவ்வளவு என்று. பல வருஷம் மக்கள் எதிர்ப்புத் தெரிவிச்ச பிறகுதான் எடை பார்க்காம ஒரே கட்டணம் என்று மாற்றினாங்க. செத்தவனைத் தராசில் நிறுத்தின காட்சியை ஒரு நாவலில் எழுதினா, மிகைப்படுத்தல் என்று விமர்சகர்கள் சொல்லியிருப்பாங்க.

சரி. வாழ்க்கையே இவ்வளவு பயங்கரமா இருக்கும்போது கதை எதுக்கு? அறிக்கையும் புள்ளிவிவரமும் போதாதா?

போதாது என்று நினைக்கிறேன். 2,711 என்று நான் சொன்னப்ப உங்கள்ல யாருக்காவது நெஞ்சு படபடத்துச்சா? தலையாட்டினோம், அவ்வளவுதான். எண்ணுக்கு முகம் கிடையாது. முகம் இல்லாததுக்கு மனசு பயப்படாது. இங்கதான் கதைக்கு வேலை இருக்கு.

பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' 2008இல் மலையாளத்தில் வந்தது. தமிழிலும் படிக்கக் கிடைக்குது. அதில் பேய் கிடையாது. ரியாத் விமான நிலையத்தில் நஜீப் ஒரு வண்டியில் ஏறுகிற இடம் இருக்கே, நான் படிச்ச எல்லாத் திகில் கதையையும்விட அது என்னை உலுக்கியது. வந்தவர்தான் தன் அர்பாப் என்று நம்பி ஏறுகிறான். தப்பான வண்டி. பாலைவனத்தில் ஆட்டுக் கொட்டிலில் போய் நிக்குது அவன் வாழ்க்கை. இதை ஊரில் ஈசி சேரில் சாய்ந்து படிக்கிறவருக்கு இரக்கம் வரும். விமான நிலையத்தில் கையில் ஒரு துண்டுச் சீட்டோட, பேர் எழுதின அட்டையைத் தேடிக்கிட்டு நின்ன அனுபவம் உள்ளவனுக்கு, பயம் வரும். ஒரே பக்கம்தான், படிக்கிறவருக்குத் தகுந்த மாதிரி வேலை செய்யுது.

அபுதாபியில் வளர்ந்த தீபக் உன்னிகிருஷ்ணன் ஆங்கிலத்தில் எழுதின 'டெம்பரரி பீப்பிள்' 2017இல் வந்த கதைத் தொகுப்பு. அவர் நேராவே விசித்திரத்துக்குப் போறார். கட்டி முடியாத கட்டடங்களிலிருந்து விழுந்து சிதறுகிற தொழிலாளிகளை ராத்திரியில் தேடிப்போய் ஒட்டி, தைச்சுச் சரிபண்ணுகிற ஒரு பெண் வர்றாள். விதையிலிருந்து தொழிலாளிகளைப் பயிர் செய்கிற கதை இருக்கு. குறிப்பிட்ட ஆயுளோட விளைகிற ஆட்கள். கேம்ப்பிலிருந்து தப்பிக்க ஒருத்தன் பாஸ்போர்ட்டாவே மாறிடறான், இன்னொருத்தன் பெட்டியா மாறிடறான். நடக்க முடியாத விஷயங்கள்தான் எல்லாம். ஆனா விசா முடிஞ்சா ஆள் இருந்த தடமே இல்லாமப் போறதைப் பார்த்தவங்களுக்கு, இதில் எது பொய்? அறிக்கை எழுத முடியாத இடத்தை அந்தப் பேய்த்தனம் எழுதிடுது.

இன்னும் ஒரு கதை. நம்ம கதை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை', 1943. தமிழில் பேய்க்கதை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது. அதில் பேய் இருக்கா இல்லையா என்பது கடைசி வரைக்கும் தீராது. நடு ராத்திரியில் ஒரு வாசனை, ஒரு சந்தேகம், கழுத்தருகே ஒரு ரத்தத் துளி, இவ்வளவுதான். கதை சொல்கிற ஆளும் ஒரு எழுத்தாளன். நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் நிலைக்கலை. அதனாலதான் எண்பது வருஷம் கழிச்சும் அது உறுத்துது.

இதையெல்லாம் விமர்சகர்கள் நிறைய எழுதிட்டாங்க. ஒரு விஷயத்தை மட்டும் நான் சேர்க்கிறேன். காஞ்சனை அந்த வீட்டுக்கு எப்படி வர்றாள்? பிச்சை கேட்டு வாசலில் வந்து, வீட்டு வேலைக்காரியா உள்ளே சேர்கிறவள். அப்போ அந்தக் கதையின் பயம் வீட்டுக்காரருடைய பயம். ராத்திரி நம்ம வீட்டுக்குள்ள படுத்திருக்கிற இந்த வேலைக்காரி உண்மையில யார் என்கிற பயம்.

கதையில் இது இலக்கியம். வெளியே வந்தா என்ன ஆகுது தெரியுமா? சவூதியில் மத ஒழுக்கக் காவல் அமைப்பு 2009இல் சூனியத்தைப் பிடிக்க என்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்கள்மீது முதலாளிகள் சூனியக் குற்றச்சாட்டு வைப்பதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கு. சம்பளப் பாக்கி கேட்டவள், ஓடிப்போக நினைச்சவள், யாராயிருந்தாலும் அவள்மேல் அந்தச் சொல் விழலாம். விழுந்தா அது கதை இல்லை, சிறை. பேய்ப் பயம் அதிகாரம் உள்ளவர் கையில் கிடைச்சா, அது தொல்காப்பியத்தின் முதல் வகையிலிருந்து நாலாம் வகைக்குத் தாவிடுது. அணங்கு இறையாகிடுது. எங்க அம்மாக்களும் அக்காக்களும் இன்னும் அந்த வீடுகளுக்குள்ளதான் வேலை செய்யறாங்க. அதனால 'காஞ்சனை'யை நாம ரெண்டு முறை படிக்கணும்: ஒரு முறை கட்டிலில் படுத்திருக்கிற எழுத்தாளன் பக்கத்திலிருந்து, இன்னொரு முறை அடுப்படியில் பாய் விரிச்சுப் படுத்திருக்கிறவள் பக்கத்திலிருந்து. இதே புதுமைப்பித்தன்தான் 1935இல் 'துன்பக்கேணி' எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை. அதில் ஒரு பேயும் இல்லை. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் படிச்சா, ரெண்டுமே இன்னும் பயங்கரமாயிடும்.

இப்ப விடைக்கு வர்றேன். கதை வாசகரைப் பயமுறுத்த முடியுமா? முடியும். ஆனா கதை தனியாச் செய்யற வேலை இல்லை அது. வாசகர் எங்கே நிக்கிறார், அவர்கிட்ட இழக்க என்ன இருக்கு, அவருக்குக் கதவு திறந்திருக்கா பூட்டியிருக்கா என்பதெல்லாம் சேர்ந்துதான் பயம் உண்டாகுது. புத்தகத்தை மூடின கையோட பயமும் மூடிடுச்சுன்னா, அது வால்டன் சொன்ன விளையாட்டு. தப்பில்லை, விளையாட்டும் நமக்கு வேணும். மூடின பிறகும் அறைக்குள்ள ஏதோ மிச்சம் இருந்தா, கதை நம்ம வாழ்க்கையில் ஒரு உண்மையான இடத்தைத் தொட்டிருக்கு என்று அர்த்தம்.

கடைசியா ஒன்று. இந்த ஊரில் மிகச் சிறந்த திகில் கதை சொல்லிகள் யார் தெரியுமா? எழுத்தாளர்கள் இல்லை. ஏஜெண்டும், கேம்ப் பாஸும், சில சூப்பர்வைசர்களும். "அங்க ஒருத்தன் கம்ப்ளைண்ட் பண்ணினான், அப்புறம் ஆளையே காணோம்." "லேபர் கோர்ட்டுக்குப் போனவனுக்கு வாழ்நாள் தடை." "அந்த ரூம்ல படுத்தவன் எப்படிச் செத்தான் தெரியுமா?" இதில் பாதி உண்மை, பாதி கட்டுக்கதை. எது எந்தப் பாதி என்று கேட்கிறவனுக்குத் தெரியாது. 'காஞ்சனை'யின் உத்தியேதான், தீராத சந்தேகம். ஆனா நோக்கம் வேற. முதலாளியின் திகில் கதை கேட்டவனை வாயை மூட வைக்கும். தனியாப் படுத்து முழிச்சுக்கிட்டு இருக்க வைக்கும். நல்ல திகில் கதை பக்கத்துக் கட்டில்காரனை எழுப்பி, "உனக்கும் இப்படித் தோணுதா?" என்று கேட்க வைக்கும்.

2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தில் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிஞ்சது. சுமார் 50 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் இந்தியர்கள், தமிழ்நாட்டுக்காரர் 7 பேர். தூங்கிக்கிட்டிருந்தப்ப வந்த சாவு. அந்த வாரம் இங்க நம்ம அறைகளிலும் யாருமே சரியாத் தூங்கலை. ஆனா அதுக்கு அடுத்த வாரம், பல அறைகளில் பசங்க எழுந்து படிக்கட்டுக் கதவு திறக்குதா, கேஸ் சிலிண்டர் எங்க இருக்கு, ஒரு அறையில் எத்தனை கட்டில் என்று பார்த்தாங்க. தனியா இருந்த பயம் நாலு பேர் பேசின உடனே கேள்வியா மாறிடுச்சு. கதைகிட்ட நான் எதிர்பார்க்கிறதும் இவ்வளவுதான்.

அதனால ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கேம்ப்பிலும், ஒவ்வொரு பெட் ஸ்பேஸ் அறையிலும் பேய்க்கதை உண்டு. ராத்திரி தண்ணி குழாய் தானாத் திறக்கிற கதை, காலியான கட்டிலில் ஆள் உட்கார்ந்திருக்கிற கதை. சிரிச்சு விட்டுடாதீங்க, மூடநம்பிக்கை என்று வாயை அடைக்கவும் செய்யாதீங்க. எழுதி வாங்கிட்டு வாங்க. பேர் வேண்டாம், கம்பெனி பேர் வேண்டாம், கேம்ப் எண்ணும் வேண்டாம். கதையைக் கேட்டதும் மூணு கேள்வி மட்டும் கேளுங்க: அந்தக் கட்டிலில் முன்னாடி யார் படுத்திருந்தார்? அவர் எப்படிப் போனார்? அவருக்கு வர வேண்டிய பாக்கி வந்துச்சா?

அடுத்த கூடுகைக்குக் 'காஞ்சனை'யும் 'துன்பக்கேணி'யும் படிச்சுட்டு வாங்க. ரெண்டும் சிறுகதைதான், ரெண்டு ராத்திரி போதும். விளக்கை அணைக்கிறதும் அணைக்காததும் உங்க இஷ்டம்.